கிங் கடைசியாகக் கேட்டது கூலி உயர்வு

கேள்வி சுருக்கமாக இது: "மார்ட்டின் லூதர் கிங்கின் மரபைப் போற்றுவதென்றால் இன நீதிக்கும் பொருளாதார நீதிக்கும் சேர்த்து உழைப்பது என்று அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரியும் பேசுகிறார்கள். அவர் போராடியது பஸ்ஸில் சமமாக உட்காரவும் ஓட்டுப் போடவும்தானே? 1964 சமவுரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் இரண்டோடும் அது கிடைத்துவிட்டது. இதில் பொருளாதாரம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? பிற்கால இடதுசாரிகள் சேர்த்ததா?"

யாரும் பிறகு சேர்க்கவில்லை. தொடக்கத்திலிருந்தே இருந்ததை, அவருடைய பிறந்தநாளை விடுமுறை ஆக்கிய பிறகு மெல்ல மெல்லக் கழற்றிவிட்டார்கள். அவர் சுட்டுக்கொல்லப்பட்ட ஊருக்கு எதற்காகப் போயிருந்தார் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். அங்கிருந்தே தொடங்கலாம்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் 1968 பிப்ரவரி 1 அன்று நல்ல மழை. குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர்கள் வீட்டு வாசல்களில் ஒதுங்கினால் வெள்ளைக்காரர்கள் புகார் கொடுப்பார்கள். அதனால் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவரும் தங்கள் குப்பை வண்டியின் பின்புறத்துக்குள்ளேயே ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்துக் கொன்றது. பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நகராட்சி அந்தக் குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது.

பிப்ரவரி 12 அன்று ஏறக்குறைய 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மணிக்கு 2 டாலர்கூட வராத சம்பளம். முழுநேரம் வேலை செய்துகொண்டே அரசின் ஏழைகள் உதவித்தொகைக்குத் தகுதி பெறும் அளவுக்கு வறுமை. வீடுகளின் கொல்லைப்புறத்திலிருந்து ஓட்டைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து வர வேண்டும். அழுகிய நீர் உடம்பெல்லாம் வழியும். மழை பெய்தால் கறுப்பர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவார்கள்; வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு அன்றைய சம்பளம் உண்டு. இப்போது சொல்லுங்கள், இது இனப் பிரச்சினையா, கூலிப் பிரச்சினையா? அவர்கள் ஏந்திய அட்டையில் 'நான் ஒரு மனிதன்' என்றுதான் இருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் வைத்த கோரிக்கைகள் சம்பள உயர்வும், தொழிற்சங்க அங்கீகாரமும், சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதும். கடைசிக் கோரிக்கையில்தான் மேயர் ஹென்றி லோப் மிகவும் முரண்டுபிடித்தார். கோஷம் போட்டுக் கலைந்துவிடும் கூட்டத்தைச் சமாளிக்கலாம், மாதா மாதம் சந்தா வரும் சங்கம் நிலைத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கிங்கை அங்கே அழைத்தவர் பாதிரியார் ஜேம்ஸ் லாசன். இவர் 1950களில் நாக்பூரில் ஒரு கல்லூரியில் பணியாற்றியபடியே காந்தியின் முறைகளைப் படித்தவர். மார்ச் 18 அன்று பெருங்கூட்டத்துக்கு முன்னால் கிங் பேசினார்: கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் உட்காரலாம் என்றாகிவிட்டது, ஆனால் ஒரு ஹாம்பர்கரும் ஒரு காபியும் வாங்கக் கையில் காசில்லை என்றால் அந்த உரிமையால் என்ன பயன்? இவ்வளவு பணக்கார நாட்டில் பட்டினிக் கூலி கொடுப்பது குற்றம் என்றும் சொன்னார். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. போலீஸ் சுட்டதில் லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் இறந்தான். அமைதியாக இன்னொரு ஊர்வலம் நடத்தியே தீர வேண்டும் என்று கிங் ஏப்ரலில் திரும்பி வந்தார். ஏப்ரல் 3 இரவு பேசிய கடைசி உரையில் மலையுச்சியிலிருந்து வாக்களிக்கப்பட்ட நிலத்தைப் பார்த்துவிட்டேன் என்ற முடிவுப் பகுதியைத்தான் எல்லோரும் ஒளிபரப்புகிறார்கள். அதே உரையின் நடுவில், எந்தக் கம்பெனியின் பாலை வாங்காதீர்கள், எந்த ரொட்டியைத் தவிருங்கள், சேமிப்பை எந்தக் கறுப்பின வங்கிக்கு மாற்றுங்கள் என்று பெயர் சொல்லி விவரமாகப் பேசுகிறார். அந்தப் பகுதியை எந்த விழாவிலும் நான் கேட்டதில்லை.

மறுநாள் மாலை 6 மணி தாண்டியதும் லொரெய்ன் மோட்டலின் பால்கனியில் சுடப்பட்டார். நான்கு நாள் கழித்து அவர் மனைவி கொரெட்டா அதே ஊர்வலத்தை நடத்தினார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி இறங்கிவந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், மணிக்கு 10 சென்ட் உயர்வு, செப்டம்பரில் மேலும் 5 சென்ட். கூட்டினால் 15 சென்ட்.

சரி, இது கடைசி இரண்டு மாதக் கதைதானே, அதற்கு முன்? 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை எடுத்துக்கொள்வோம். 'எனக்கொரு கனவு' உரை நிகழ்ந்த அதே பேரணி. அதன் முழுப்பெயர் 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி'. வேலை முதலில். முன்நின்றவர் ஃபிலிப் ராண்டால்ஃப், ரயில் தூங்கும் பெட்டிகளின் கறுப்பினப் பணியாளர்களை 1925இலேயே தொழிற்சங்கமாகத் திரட்டியவர். கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் பேயார்ட் ரஸ்டின். மேடையில் வாசித்த கோரிக்கைகளில் எல்லோருக்கும் வேலை தரும் அரசுத் திட்டமும், மணிக்கு 2 டாலர் குறைந்தபட்ச ஊதியமும் இருந்தன. அன்றைக்குச் சட்டப்படி இருந்தது 1.15 டாலர். கிங்கின் உரையே கடன் பேச்சில்தான் தொடங்குகிறது. அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது, அதை மாற்றிக்கொள்ளவே வந்திருக்கிறோம் என்கிறார். கனவு வருவது கடைசிச் சில நிமிடங்களில்.

இன்னும் பின்னால் போனால், பஸ்ஸில் கறுப்பர்களைப் பின்னிருக்கைக்குத் தள்ளியதை எதிர்த்து அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் நடந்த பஸ் புறக்கணிப்பு. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள். பஸ் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள்; அவர்கள் ஏறாவிட்டால் கம்பெனிக்கு வருமானமில்லை என்பதே அந்தப் போராட்டத்தின் பலம். நடந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமையலும் துணி வெளுப்பும் செய்த பெண்கள். மாற்று வண்டிகளுக்கான பெட்ரோல் காசு எங்கிருந்து வந்தது? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் மற்றப் பெண்களோடு சேர்ந்து கேக்கும் சாப்பாடும் செய்து விற்று வாரா வாரம் பணம் கொண்டுவந்து கொடுத்தார். பணம் கொடுத்தது யார் என்று தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும். அதனால் 'எங்கிருந்தும் வராத மன்றம்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பெயர் அது.

இனமும் பணமும் ஏன் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு வருகிறேன். 'அடிமை முறை 1865இல் ஒழிந்தது, அப்புறம் அவரவர் உழைத்து முன்னேற வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் பொதுவாக 1930களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை அரசே கைதூக்கிவிட்ட காலம் அது. 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் விடுபட்டார்கள். 1938 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் அப்படியே. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்கள் செய்த வேலையே பெரும்பாலும் இந்த இரண்டும்தான். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தேவையும் இருக்கவில்லை.

வீட்டுக்கடன் கதை இன்னும் மோசம். 1934 முதல் வீட்டுக் கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் கொடுத்தது. முன்பணம் குறைவு, தவணைக் காலம் நீளம். சாதாரணத் தொழிலாளியும் சொந்த வீடு வாங்கலாம் என்ற நிலை முதன்முதலாக வந்தது. ஆனால் நகரங்களின் வரைபடத்தில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு மை அடித்து, அங்கே கடன் கொடுப்பது அபாயம் என்று குறித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கான கடன் உத்தரவாதத்தில், 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. மிசிசிப்பியின் மக்களில் கிட்டத்தட்ட பாதி கறுப்பர்கள். ஒரே போர், ஒரே சீருடை.

வங்கிக்கடன் கிடைக்காதவர்கள் எப்படி வீடு வாங்கினார்கள்? சிகாகோவின் லாண்டேல் பகுதியில் 'ஒப்பந்த விற்பனை' என்று ஒன்று நடந்தது. தரகர் ஒரு வீட்டை மலிவாக வாங்கி, பல மடங்கு விலைக்குக் கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணையில் விற்பார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரகரிடமே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விற்பார். இப்படி ஒரு தலைமுறையின் உழைப்பு உறிஞ்சப்பட்டது. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் பெரிய சொத்து வீடுதான். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதும், தொழில் தொடங்குவதும், வேலை போனால் சமாளிப்பதும் அதை வைத்துத்தான். உள்ளூர்ப் பள்ளிகளுக்கான பணமும் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருவதால், வீட்டு மதிப்பு குறைந்த இடத்தில் பள்ளியும் ஏழைப் பள்ளி. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் சொத்து வரிசையில் சரிநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஆறில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைப் படிப்போ சிக்கனமோ விளக்கிவிடாது. சொத்து ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு இறங்குவது, ஒன்றுமில்லாமையும் அப்படியே இறங்குவது.

அதே லாண்டேலுக்குத்தான் 1966இல் கிங் குடிபோனார். தெற்கில் சட்டங்களை வென்றாகிவிட்டது. ஆனால் 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தான ஐந்தே நாளில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி பற்றியெரிந்து 34 பேர் இறந்தார்கள். அங்கே கறுப்பர்களுக்கு ஏற்கெனவே ஓட்டு இருந்தது. பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். வேலையும் நல்ல வீடும்தான் இல்லை. அதைப் பார்த்த பிறகு வடக்கு நகரங்களின் சேரிகளுக்கு முகம் கொடுக்காமல் இருக்க முடியாது என்று கிங் முடிவு செய்தார். அவர் குடிவருகிறார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அவசர அவசரமாக ஆள் வைத்துச் சுவர் பூசி வர்ணம் அடித்தார். கிங் வீடு மாறிக்கொண்டே இருந்தால் சிகாகோவின் சேரிகளெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று ஊரில் நகைச்சுவை ஓடியது. ஆனால் வெள்ளையர் பகுதியான மார்க்கெட் பார்க்கில் வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனபோது கல் வந்து தலையில் அடித்தது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இவ்வளவு வெறுப்பைப் பார்த்ததில்லை என்றார். எனக்கு இதில் வியப்பில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையை விட்டுக்கொடுப்பதில் வெள்ளைக்காரருக்குப் பணச் செலவு இல்லை; பக்கத்து வீட்டுக்குக் கறுப்பர் வந்தால் தன் வீட்டு விலை விழுந்துவிடும் என்று அவர் நம்பினார்.

அந்த ஆண்டு எடுத்த காலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 விழுக்காட்டினர் கிங்கைப் பிடிக்கவில்லை என்றார்கள். இன்று எல்லாக் கட்சிக்காரர்களும் மேற்கோள் காட்டும் மனிதரைப் பற்றித்தான் சொல்கிறேன். 1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரை எதிர்த்துப் பேசி, இனவெறி, பொருள்வெறி, ராணுவ வெறி மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று சொன்ன பிறகு பழைய நண்பர்கள் பலரும் விலகினார்கள்.

1967 டிசம்பரில் 'ஏழை மக்கள் இயக்கம்' அறிவித்தார். கறுப்பர்கள் மட்டும் இல்லை. அப்பலேச்சிய மலைப்பகுதியின் ஏழை வெள்ளையர், மெக்சிகோ வம்சாவளியினர், அமெரிக்கப் பழங்குடியினர், போர்ட்டோ ரிக்கோவினர் என்று எல்லா ஏழைகளையும் தலைநகருக்கு அழைத்துவந்து, அரசு கேட்கும்வரை அங்கேயே உட்கார வைப்பது திட்டம். வேலை, உறுதியான வருமானம், மலிவு வீடு, இதற்கு ஆண்டுக்கு 3,000 கோடி டாலர் என்று கேட்டார்கள். மிசிசிப்பியின் மார்க்ஸ் என்ற சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியை ஓர் ஆப்பிளை நான்காக வெட்டி ஆளுக்கொரு துண்டும் சில பிஸ்கட்டும் கொடுப்பதையும், பிள்ளைகளுக்கு அதுவே மதிய உணவு என்பதையும் பார்த்துக் கிங் அழுதுவிட்டார் என்று உடனிருந்த ரால்ஃப் அபர்நாதி எழுதியிருக்கிறார். பிறகு இயக்கத்தினரின் கோவேறு கழுதை வண்டிகள் தலைநகருக்குக் கிளம்பியது அந்த ஊரிலிருந்துதான்.

கிங்குக்கே இதில் பாடம் நடத்தியவர்கள் உண்டு. 1968 தொடக்கத்தில் அரசு உதவித்தொகை பெறும் தாய்மார்களின் தேசிய அமைப்பினர் சிகாகோவில் அவரைச் சந்தித்தார்கள். அதன் தலைவி ஜானி டில்மன் உதவித்தொகைச் சட்டத்தில் வந்த மாற்றங்களைப் பற்றி அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கிங் திணறினார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாமே என்றார் டில்மன். கிங் அப்படியே ஒப்புக்கொண்டு, கற்றுக்கொள்ளத்தான் வந்தோம் என்றார். தலைவர்களைச் சிலையாக்கிப் பார்த்தே பழகிய நமக்கு இந்த இடம் முக்கியமானது. பொருளாதார நீதி என்ற பேச்சு அவர் மூளையில் முளைத்த தத்துவம் கிடையாது. சங்கம் வைத்தவர்கள், உதவித்தொகைக்கு வரிசையில் நின்றவர்கள், குப்பை அள்ளியவர்கள் அவரை இழுத்துக்கொண்டு போன இடம் அது.

அவர் இல்லாமலேயே இயக்கம் 1968 மே மாதம் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. ஒட்டுப்பலகைக் குடிசைகளால் 'உயிர்த்தெழுதல் நகரம்' எழுந்தது. விடாமல் மழை, எங்கும் சேறு. உள்ளே சண்டைகள். ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டார். ஜூன் 24 அன்று போலீஸ் வந்து காலி செய்தது. உணவு உதவித் திட்டங்கள் கூடுதலான ஏழை மாவட்டங்களுக்கு விரிந்ததைத் தவிர உடனடிப் பலன் அதிகமில்லை. தோல்வி என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். ஓரளவு உண்மைதான்.

ஆனால் அந்தக் காலத்தில் வேலை செய்த திட்டங்களும் உண்டு. அவற்றை யாரும் கொண்டாடுவதில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1966இல் திருத்தப்பட்டு, உணவகங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், விவசாயம் என்று விடுபட்டிருந்த துறைகளுக்கு 1967 முதல் விரிந்தது. கறுப்பர்கள் அதிகம் வேலை செய்த துறைகள் இவை. அந்த ஆண்டுகளில் கறுப்பர், வெள்ளையர் சம்பள இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு திருத்தத்தின் விளைவு என்று 2021இல் வெளியான பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. திருத்தத்தில் 'இனம்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிறத்தைச் சொல்லாமல் விலக்கிய சட்டத்தை நிறத்தைச் சொல்லாமலேயே சரிசெய்தார்கள். அடுத்து, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டுரிமைச் சட்டம்: ஆண்டுக்கணக்காக இழுபட்டது, கிங் இறந்த ஒரே வாரத்தில் 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது. ஆனால் 1988இல் திருத்தும்வரை அதற்குப் பல் இல்லை.

1969இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மருத்துவமனை ஊழியர்களின் வேலைநிறுத்தம் மெம்ஃபிஸின் நேரடித் தொடர்ச்சி. பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், மணிக்கு 1.30 டாலர் சம்பளம். சங்கம் அமைக்க முயன்ற 12 பேரை வேலையிலிருந்து நீக்கியதும் வெடித்தது. மேரி மௌல்ட்ரி என்ற உதவிச் செவிலியர் தலைமை தாங்கினார், கொரெட்டா கிங் வந்து நின்றார், நூறு நாளுக்கு மேல் நீடித்தது. நீக்கப்பட்டவர்களுக்கு வேலை திரும்பியது, சம்பளம் ஏறியது, சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. கணவரின் நினைவைப் போற்றுவது எப்படி என்று கொரெட்டாவிடம் கேட்டிருந்தால் அவர் இந்த மறியலைத்தான் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நிலத்தின் பக்கமும் ஒரு கிளை போகிறது, அதில் நமக்கும் உறவு உண்டு. ஜார்ஜியாவில் ஓட்டுரிமைக்காக வேலை செய்த சார்ல்ஸ் ஷெரட், ஷெர்லி ஷெரட் தம்பதி, ஓட்டுப் போடப் பதிந்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். நிலம் சொந்தமாக இல்லாதவனுக்கு ஓட்டும் சொந்தமில்லை என்று கண்டு, 1969இல் நண்பர்களோடு ஏறக்குறைய 6,000 ஏக்கரை வாங்கி 'நியூ கம்யூனிட்டீஸ்' தொடங்கினார்கள். நிலம் சமூகத்தின் பேரில், வீடும் உழைப்பும் குடும்பத்தின் பேரில் என்ற அமைப்பு. இதற்கு முன்மாதிரிகளில் ஒன்று வினோபா பாவேயின் கிராமதான இயக்கம். தமிழ்நாட்டில் அதே இயக்கத்தில் உழைத்தவர்கள்தான் ஜெகநாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி. கிங்கும் 1959இல் இந்தியா வந்தபோது வினோபாவைச் சந்தித்திருக்கிறார். அந்தப் பயணத்தில் கேரளத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தலித் மாணவர்களிடம் கிங்கை 'அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்தபோது வறுமைக் கூண்டில் அடைபட்ட தன் மக்களின் நிலை அதுதான் என்று புரிந்தது என்று கிங் 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

ஷெரட்களின் பண்ணைக்கு வர வேண்டிய மத்திய அரசுப் பணத்தை மாநில ஆளுநர் தடுத்தார். பிறகு வறட்சி. வெள்ளை விவசாயிகளுக்கு எளிதாகக் கிடைத்த அவசரக்கடன் இவர்களுக்கு இழுத்தடிக்கப்பட்டது. 1985இல் நிலம் ஏலத்தில் போனது. வேளாண் துறையின் பாகுபாட்டுக்காகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த வழக்கின் வழியாக 2009இல் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. அதை வைத்து, ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பெரும்பண்ணை ஒன்றை வாங்கினார்கள். கால் நூற்றாண்டு காத்திருந்து.

இனி விடுமுறை நாளுக்கு வருவோம். கிங் இறந்த நான்காம் நாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் மசோதாவைக் கொண்டுவந்தார். 15 ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1983இல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். 1986 முதல் ஜனவரி மூன்றாம் திங்கள் விடுமுறை. 1994இல் அதைத் தொண்டு நாளாக்கினார்கள். அன்றைக்குப் பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடிப்பதும் உணவுப் பொட்டலம் கட்டுவதும் நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சோத்துப் பொட்டலம் கொடுப்பவரிடம், ஏன் இவர்களுக்குச் சோறு வாங்கச் சம்பளம் போதவில்லை என்று கேட்ட மனிதரின் நாள் அது. தன் கட்டடத்தைப் பெருக்கும் ஒப்பந்த ஊழியருக்கு என்ன கூலி, மருத்துவக் காப்பீடு உண்டா, சங்கம் வைக்க முயன்றால் என்ன ஆகும் என்று பார்க்காத நிறுவனம் அன்று கிங் படம் போட்டு வாழ்த்து அனுப்புவதை நான் போற்றுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: இனம் பார்த்து உதவுவதா, ஏழ்மை பார்த்து உதவுவதா? கிங்கின் கனவு உரையில் வரும், தோலின் நிறத்தைப் பார்க்காமல் குணத்தைப் பார்க்க வேண்டும் என்ற வரியை எடுத்துக்கொண்டு, இனம் பார்க்கும் எந்தத் திட்டமும் அவருக்கு விரோதம் என்று வாதிடுகிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்சநீதிமன்றம் 2023இல் நிறுத்திவிட்டது. ஆனால் கிங் 1964இல் எழுதிய நூலிலேயே கறுப்பின மக்களுக்கு நூற்றாண்டுகளாகக் கொடுக்காத கூலிக்கு ஈடாகப் பெரும் சிறப்புத் திட்டம் வேண்டும் என்றார். அதே இடத்தில் ஏழை வெள்ளையரும் அதில் பயன்பெற வேண்டும் என்றார். இரண்டும் வேண்டும் என்பதே அவர் நிலை. இன்றும் இரண்டு வழியிலும் முயற்சிகள் நடக்கின்றன. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரம் 2021இல், பழைய வீட்டுப் பாகுபாட்டால் பாதிக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுச் செலவுக்காக 25,000 டாலர் கொடுக்க முடிவு செய்தது. கனெக்டிகட் மாநிலம் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 2023 ஜூலை முதல் 3,200 டாலரை முதலீடாகப் போட்டுவைக்கிறது. வளர்ந்தபின் படிக்கவோ வீடு வாங்கவோ தொழில் தொடங்கவோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது எந்த இனத்தையும் குறிப்பிடவில்லை. எனக்கு இரண்டாவதுதான் நிலைத்து நிற்கும் என்று படுகிறது. நீதிமன்றத்திலும் தாங்கும், வெள்ளை ஏழைகளும் காப்பாற்ற வருவார்கள். ஆனால் எவன்ஸ்டன் கொடுப்பது உதவி கிடையாது, பாக்கி. பாக்கியை ஏழ்மை பார்த்துக் கொடுப்பதில்லை, யாருக்குப் பட்ட கடனோ அவருக்குக் கொடுப்பதுதான் முறை.

மெம்ஃபிஸிலும் ஒரு பாக்கி இருந்தது. 1968 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்தத் தொழிலாளர்கள் நகராட்சி ஓய்வூதியத்தில் சேராமல் மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தோடு நின்றுவிட்டார்கள். அது போதவில்லை. 2017இல், உயிரோடிருந்த பழைய தொழிலாளர்களுக்குத் தலா 50,000 டாலர் கொடுக்க நகரம் முடிவு செய்தது. அவர்களில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் அப்போதும் குப்பை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

'பழைய கதை, முடிந்துபோனது' என்று யாராவது சொன்னால் குறைந்தபட்ச ஊதியத்தைப் பாருங்கள். 1968இல் இருந்த 1.60 டாலரை இன்றைய விலைவாசிக்கு மாற்றினால் 14 டாலரைத் தாண்டும். இப்போதைய மத்திய அரசு அளவான 7.25 டாலர் 2009 ஜூலைக்குப் பிறகு ஏறவேயில்லை. பல மாநிலங்கள் சொந்தச் சட்டத்தில் இதைவிட உயர்த்திவிட்டன. தனக்கென்று குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இல்லாத மாநிலங்கள் ஐந்து: அலபாமா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி. கிங் நடந்த, சிறையிருந்த, இறந்த மாநிலங்கள் இதில் வருகின்றன. கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் பர்மிங்ஹாம் நகர மன்றம் 2016இல் தன் எல்லைக்குள் 10.10 டாலர் என்று உயர்த்தப் பார்த்தது. அலபாமா சட்டமன்றம் உடனே, எந்த நகரமும் தனியாக ஊதியம் நிர்ணயிக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் இன பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். 2018இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வழக்கு நடக்கலாம் என்றார்கள். 2019இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, வழக்குப் போட இவர்களுக்குத் தகுதியில்லை என்று தள்ளிவிட்டது.